ஆயிரம் சிப்பியும் ஒரு துளிக் குருதியும்

முத்துக்குளித்துறையில் பிறந்தவர்களுக்குச் சலாபம் என்னும் சொல்லை விளக்க வேண்டியதில்லை. எனினும் 1961-ஆம் ஆண்டிற்குப் பின் தூத்துக்குடிக் கடலில் முத்துச் சலாபம் நடைபெறவில்லையாதலால், இளைய தலைமுறைக்கு அது பாட்டன்மார் சொல்லக் கேட்ட கதையாகிவிட்டது. சலாபம் அறிவிக்கப்படுமுன் அரசு அதிகாரிகள் படகேறிச் சென்று பார்களைச் சோதிப்பது வழக்கம். தொல்லாயிரம் பார் போன்ற கடலடித் திட்டுகளில் முத்துக்குளிப்போரை இறக்கி, மாதிரிக்கெனச் சிப்பிகளை எடுப்பார்கள். அவற்றை அழுகவிட்டுக் கழுவி, கிடைத்த முத்துகளைத் துளையிட்ட பித்தளைத் தட்டுகள் பத்தில் ஒன்றன்பின் ஒன்றாகச் சலிப்பார்கள். பெரியது மேல் தட்டில் தங்கும். சிறியது கீழே இறங்கும். பின்னர் மஞ்சாடிக் கணக்கில் நிறுத்து, ஆயிரம் சிப்பிக்கு இன்ன விலை என்று மதிப்பார்கள். அந்த மதிப்பு போதுமானதாக இருந்தால்தான் சலாபம். இல்லையேல் அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுவார்கள்.

இதில் காலக் கணக்கு மிக முக்கியம். இளஞ்சிப்பியைத் திறந்தால் முத்து இராது, அல்லது விலைபோகாத பொடியாக இருக்கும். ஐந்து, ஆறு ஆண்டு ஆன சிப்பியே பயன் தரும். இன்னும் காத்திருப்போம் என்று காலம் தாழ்த்தினாலோ, ஏழாண்டு அளவில் சிப்பி தானே மடிந்து முத்து மணலோடு மறைந்துபோகும். சிப்பியை வெளியிலிருந்து பார்த்து உள்ளே முத்து உண்டா இல்லையா என்று சொல்லவும் இயலாது. திறந்துதான் பார்க்க வேண்டும். திறந்தபின் அந்தச் சிப்பி பிழைப்பதில்லை.

இந்தப் பழங்கதை சென்ற தவக்காலத்திலிருந்து என் மனத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. அப்போது எங்கள் பங்கில் ஒருவரை அடக்கம் செய்தோம். நாற்பது ஆண்டுகள் சங்குக்குளித்தவர். இடுப்பிலும் முதுகிலும் வலி என்றார். கடலடியில் கிடந்த உடம்பு, வலிக்கத்தானே செய்யும் என்று எண்ணெய் தேய்த்துக்கொண்டு மாதக்கணக்கில் காலம் கடத்தினார். இரவில் ஐந்தாறு முறை எழுந்து சிறுநீர் கழிக்கச் சென்றதை யாரிடமும் சொல்லவில்லை; ஆண்கள் சொல்வதில்லை. மருத்துவரிடம் சென்றபோது புரோஸ்டேட் சுரப்பியில் தோன்றிய புற்றுநோய் முதுகெலும்பை எட்டியிருந்தது. நோயில்பூசுதல் அளிக்கச் சென்ற எனக்கு அவருடைய கால்கள் அசையாமல் கிடந்த காட்சி இன்னும் மறக்கவில்லை. அடக்கம் முடிந்த ஏழாம் நாள் அவருடைய மகன் பங்கு இல்லத்திற்கு வந்து, "சாமி, ஒரு ரத்தப் பரிசோதனை செஞ்சிருந்தா அப்பாவைக் காப்பாத்தியிருக்கலாமா?" என்று கேட்டார்.

குருமடத்தில் மெய்யியலும் இறையியலும் கற்ற எனக்கு அந்தக் கேள்விக்கு விடை தெரியவில்லை. அதற்குள் எங்கள் அன்பியப் பொறுப்பாளர்கள், ஐம்பது வயதைக் கடந்த ஆண்கள் அனைவருக்கும் இலவசமாக அந்தப் பரிசோதனையைச் செய்ய ஒரு முகாம் நடத்த வேண்டும் என்று தீர்மானமே எழுதிக்கொண்டு வந்துவிட்டார்கள். கையொப்பமிடுமுன் இப்பரிசோதனையின் வரலாற்றைப் படிக்கலானேன். மருத்துவ அன்பர்கள் சிலரையும் கேட்டேன். அவ்வாறு அறிந்தவற்றையே இங்கே எழுதுகிறேன்.

புரோஸ்டேட் என்பது ஆண்களுக்கு மட்டுமே உரிய ஒரு சுரப்பி. சிறுநீர்ப்பைக்குக் கீழே, சிறுநீர்க் குழாயைச் சுற்றி, ஒரு பெரிய நெல்லிக்காய் அளவில் அமைந்துள்ளது. விந்துநீரின் ஒரு பகுதியைச் சுரப்பது அதன் வேலை. வயது ஏற ஏற அது பருப்பது இயல்பு. அந்தப் பருமன் புற்றுநோய் அன்று. ஆனால் புற்று தோன்றினாலும் தொடக்கத்தில் எந்த அடையாளமும் இராது. வெளியிலிருந்து பார்த்து அறிய முடியாத சிப்பிதான் அது.

உடலைத் திறவாமலே உள்ளிருக்கும் நோயை அறிய முடியுமா என்னும் முயற்சி பழமையானது. 1845-ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரில் எலும்பு வலியால் துன்புற்ற ஒரு வணிகரின் சிறுநீர், ஹென்றி பென்ஸ் ஜோன்ஸ் என்ற மருத்துவ வேதியியலாரிடம் அனுப்பப்பட்டது. அதில் ஒரு விந்தையான புரதம் இருந்தது. அமிலம் சேர்த்தால் திரளும், சூடாக்கினால் கரையும், ஆறினால் மீண்டும் திரளும். எலும்பு மச்சையில் தோன்றும் ஒருவகைப் புற்றுநோயின் அடையாளம் அது என்று பின்னாளில் தெளிவாயிற்று. புற்றுநோய்க்கு வேதியியல் கண்டெடுத்த முதல் அடையாளம் ஒரு புரதமே என்பது எண்ணத்தக்கது.

புரோஸ்டேட்டின் கதை 1930-களில் தொடங்குகிறது. 1935-இல் செருமானிய ஆய்வாளர்களான குட்செர், வோல்பெர்க்ஸ் இருவரும் இச்சுரப்பியில் அமிலப் பாஸ்படேஸ் என்னும் நொதி மிகுதியாக இருப்பதைக் கண்டார்கள். 1938-இல் நியூயார்க்கில் அலெக்சாண்டர் கட்மன், எதெல் கட்மன் தம்பதியர், புற்று எலும்புக்குப் பரவிய நோயாளிகளின் குருதியில் அந்நொதி உயர்ந்து நிற்பதை எடுத்துக்காட்டினார்கள். 1941-இல் சிகாகோவில் சார்லஸ் ஹக்கின்ஸும் ஹாட்ஜஸும் அந்த அளவையே கைவிளக்காகக் கொண்டு, ஆண் இயக்குநீரைக் குறைத்தால் இப்புற்று அடங்குகிறது என்று மெய்ப்பித்தார்கள். ஹக்கின்ஸுக்கு 1966-இல் நோபெல் பரிசு கிடைத்தது. இன்றளவும் முற்றிய நோய்க்கு அளிக்கப்படும் மருந்துகளில் பல அந்த வழியில் வந்தவையே. எங்கள் சங்குக்குளிகாரருக்கும் கடைசி மாதங்களில் அதே வகை ஊசி போடப்பட்டது. ஆனால் முன்னறிதலுக்கு அமிலப் பாஸ்படேஸ் பயன்படவில்லை. நோய் எலும்பை அடைந்த பிறகே அது குருதியில் உயரும். வீடு எரிந்தபின் அடிக்கும் மணி அது.

அடுத்து வந்ததே இன்று ஊரறிந்த பி.எஸ்.ஏ. அதன் கண்டுபிடிப்பை ஒருவருக்கு மட்டும் உரிமையாக்குவது கடினம். 1970-இல் ரிச்சர்ட் ஏப்ளின் இச்சுரப்பிக்கே உரிய ஒரு பொருளை விவரித்தார். சப்பானியர் அடுத்த ஆண்டு விந்துநீரில் ஒரு புரதத்தைத் தனித்துக் கண்டார்கள். குற்றவியல் துறைக்குப் பயன்படும் என்பது அவர்களுடைய நோக்கம். 1979-இல் பஃபலோ நகரின் ராஸ்வெல் பார்க் நிறுவனத்தில் அதைத் தூய்மைப்படுத்தினார்கள். 1980-இல் குருதியில் அளந்தார்கள். 1986-இல் அமெரிக்க உணவு மருந்து ஆணையம், ஏற்கெனவே நோய் கண்டவர்களின் நிலையைத் தொடர்ந்து கவனிப்பதற்கு மட்டும் இப்பரிசோதனையை அனுமதித்தது. 1991-இல் கேட்டலோனா என்ற அறுவை மருத்துவர், நோய் இல்லாதவர்போல் தோன்றும் ஆண்களிடத்தும் இது நோயைக் கண்டுபிடிக்க உதவும் என்று எழுதினார். 1994-இல் அதற்கும் அனுமதி கிடைத்தது. ஒரு மில்லி லிட்டருக்கு 4 நானோகிராம் என்பது எல்லைக்கோடாயிற்று. நானோகிராம் என்றால் ஒரு கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். பி.எஸ்.ஏ. புற்றுநோய் சுரக்கும் பொருள் அன்று. நல்ல சுரப்பியும் சுரக்கும் பொருள். விந்துநீரை நெகிழச் செய்வது அதன் இயல்பான பணி. சுரப்பி பருத்தாலும், அழற்சி கண்டாலும், அது குருதியில் கசிந்து உயரும். மறுபுறம், அளவு குறைவாக இருப்பதால் நோய் இல்லை என்றும் சொல்வதற்கில்லை. 2004-இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், எல்லைக்கோட்டிற்குள் அடங்கிய ஏறத்தாழ மூவாயிரம் ஆண்களுக்குத் திசுச் சோதனை செய்து பார்த்தபோது நூற்றுக்குப் பதினைவரிடம் புற்று இருந்தது! கோட்டுக்கு மேலே நல்லவர்களும் கோட்டுக்குக் கீழே நோயாளிகளும் கலந்து நிற்கும்போது, அந்தக் கோடு எதைப் பிரித்தது?

1991-இல் பின்லாந்திலும் சுவீடனிலும் நடந்த ஆய்வுகள் ஒரு புதிய வாசலைத் திறந்தன. குருதியில் இப்புரதம் இரு வடிவில் உலவுகிறது. ஒன்று தனித்துத் திரிவது. மற்றொன்று வேறொரு புரதத்தோடு பிணைந்தது. புற்று உள்ளவர்களிடம் பிணைந்த பங்கு மிகுதி. ஆக, எவ்வளவு என்பதோடு, எந்த விகிதத்தில் என்பதும் செய்தியாயிற்று. இதே வழியில் பல வடிவங்களைச் சேர்த்துக் கணக்கிடும் பரிசோதனைகள் பின்னர் வந்தன. அவற்றுள் ஒன்றுக்கு 2012-இல் அமெரிக்காவில் அனுமதியும் கிடைத்தது. வீண் திசுச் சோதனைகளைக் குறைப்பதில் அவை ஓரளவு உதவுகின்றன.

இவ்வெண்ணத்தை இறுதிவரை கொண்டுசென்றால் என்ன ஆகும்? ஒன்றிரண்டு புரதங்களை ஏன் தேட வேண்டும்? குருதியிலுள்ள புரதங்கள் அனைத்தின் கோலத்தையும் ஒரே பார்வையில் பார்த்து, நோயுற்றவரின் கோலம் இது, நலமுள்ளவரின் கோலம் இது என்று பிரித்துவிடக் கூடாதா? நூற்றாண்டின் திருப்பத்தில் அறிவியலாரை ஆட்கொண்ட கனவு இதுவே. அதற்குக் கருவியும் வந்திருந்தது. குருதித் துளியை ஒரு சிறு தகட்டில் இட்டு லேசர் கதிரால் தாக்கினால் புரதங்கள் மின்னூட்டம் பெற்று ஒரு குழாயினூடே பறக்கும். எடை குறைந்தது முந்தும். எடை மிகுந்தது பிந்தும். வந்துசேரும் நேரத்தைக் கொண்டு ஒவ்வொன்றின் எடையையும் கணிக்கலாம். நம் சலாபத்துப் பித்தளைத் தட்டுகளை நான் நினைத்துக்கொண்டேன். அங்கே பத்துத் தட்டு. இங்கே ஆயிரக்கணக்கான தட்டுகள், அவ்வளவுதான். பெரும் புரதங்களைச் சிதையாமல் பறக்கவிடும் கலைக்காகச் சப்பானியரான கொய்ச்சி தனாக்காவும் அமெரிக்கரான ஜான் ஃபென்னும் 2002-ஆம் ஆண்டு வேதியியல் நோபெல் பரிசில் பங்கு பெற்றார்கள்.

அதே 2002-ஆம் ஆண்டு பிப்ரவரியில், பெட்ரிகாயின், லியோட்டா ஆகியோரின் குழு, சூலகப் புற்றுநோயைக் குருதிப் புரதக் கோலத்தால் கண்டறிந்ததாக அறிவித்தது. நோயுற்ற 50 பெண்களையும் கணினி தவறாமல் இனங்கண்டது. நோயற்ற 66 பேரில் 63 பேரைச் சரியாகச் சொன்னது. உலகமே வியந்தது. ஜூலையில் வெர்ஜீனியா மாநிலத்து நார்ஃபோக் நகர ஆய்வாளர்கள், ஒன்பது புரத முகடுகளைக் கொண்டு புரோஸ்டேட் புற்றைப் பிரித்தறிந்ததாக எழுதினார்கள். அக்டோபரில் பெட்ரிகாயின் குழுவே புரோஸ்டேட்டுக்கு வந்தது. புற்று உள்ள 38 பேரில் 36 பேரையும், புற்று இல்லாத 228 பேரில் 177 பேரையும் கோலம் சரியாகக் காட்டியது என்றார்கள்.

இந்த எண்களைச் சற்று நின்று பார்ப்போம். 36-ஐப் படிக்கும்போது மகிழும் நாம் 177-ஐக் கவனிப்பதில்லை. மீதி 51 பேர் நோயில்லாமலே நோயாளி எனப்பட்டவர்கள். ஒரு பங்கில் ஐம்பது வயதைக் கடந்த ஆயிரம் ஆண்கள் இருப்பதாகவும், அவர்களுள் பத்துப் பேருக்கு நோய் இருப்பதாகவும் ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். இதே திறமையுள்ள பரிசோதனை அந்தப் பத்துப் பேரில் ஒன்பது அல்லது பத்துப் பேரைப் பிடித்துவிடும். கூடவே, நலமாயிருக்கும் 990 பேரில் இருநூறுக்கும் மேற்பட்டோரைக் கலங்கடிக்கும். அவர்கள் ஊசி குத்தித் திசு எடுக்க மருத்துவமனை வாசலில் நிற்பார்கள். வலையை மடித்துவைத்துவிட்டு, கடனும் வாங்கிக்கொண்டு நிற்பார்கள்.

ஆனால் அந்தக் கோலம் சரிந்தது இந்தக் கணக்கால் அன்று. ஹூஸ்டன் நகரின் எம்.டி. ஆண்டர்சன் மையத்தைச் சேர்ந்த பேகர்லி, மாரிஸ், கூம்ப்ஸ் என்னும் மூன்று கணிப்பியலார், வெளியிடப்பட்ட சூலகப் புற்று ஆய்வின் தரவுகளை எடுத்து மறுபடியும் கணக்கிட்டார்கள். கோலம் ஒரு தொகுதியிலிருந்து இன்னொரு தொகுதிக்குப் பொருந்தவில்லை. வேறுபாடு தோன்றிய இடங்களுள் சில, எந்தப் புரதமும் இருக்க வழியில்லாத, கருவியின் இரைச்சல் மட்டுமே இருக்கும் இடங்கள். 2004-இல் இவ்விவரம் வெளிவந்தது. சந்தைக்கு வரக் காத்திருந்த ஒரு பரிசோதனையை அமெரிக்க ஆணையம் தடுத்து நிறுத்தியது. புரோஸ்டேட் கோலத்தைச் சோதிக்க அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் ஆய்வு வலையம் பல மையங்களில் கட்டுப்பாட்டோடு ஒரு தேர்வு நடத்தியது. முடிவு 2008-இல் வந்தது. ஒரே முறையில் சேகரித்த புதிய குருதி மாதிரிகளில் அந்தக் கோலம் புற்றைப் பிரித்துக்காட்டவில்லை. முன்பு கண்ட வேறுபாட்டிற்கு மாதிரிகளைச் சேகரித்த விதமும், உறைநிலையில் வைத்திருந்த காலமும் காரணமாயிருந்தன. ஒரு பாரின் சிப்பிகளை நேற்று எடுத்து, மற்றொரு பாரின் சிப்பிகளைப் பத்து நாள் கரையில் கிடத்தி, இரண்டையும் முகர்ந்து பார்த்துவிட்டு, பார்களின் தன்மையை அறிந்துவிட்டோம் என்று சொல்வது போன்றது இது.

யாரும் பொய் சொல்லவில்லை என்பதையும் குறிப்பிட வேண்டும். நல்லெண்ணத்தோடு, அவசரத்தோடு, நம்ப விரும்பி நம்பியவர்கள் அவர்கள். அந்த அவசரம் எனக்குப் புதிதன்று; எங்கள் அன்பியத் தீர்மானத்திலும் அதே அவசரம் இருந்தது.

கோலத்தைத் தேடியவர்களுள் தமிழ்ப் பெயர் தாங்கிய ஒருவர் வேறு வழியில் சென்றார். மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் அருள் சின்னையன் தலைமையிலான குழுவே அது. 2001-இல் புரோஸ்டேட் புற்றின் மரபணுச் செயற்பாட்டை விவரித்து அக்குழு வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரையின் முதல் ஆசிரியர் சரவண தனசேகரன். 2005-இல் அவர்கள் எழுப்பிய கேள்வி எளிமையானது. புற்றுக்கட்டி மிகச் சிறியதாய் இருக்கும்போது அது குருதியில் கலக்கும் புரதமும் கடலில் கரைத்த பெருங்காயம்போல் சிறிதாகவே இருக்கும். ஆனால் நம் உடலின் காவற்படை அந்தச் சிறு அந்நியத்தையும் கண்டு எதிர்ப்பொருள்களைப் பெருமளவில் உண்டாக்குமே. நோயைத் தேடாமல் அந்தக் காவற்படையைக் கேட்டால் என்ன? பாக்டீரியாவைத் தாக்கும் நுண்கிருமிகளின் மேலுறையில் புற்றுத்திசுவின் புரதத் துண்டுகளை ஏந்தவைத்து, நோயாளிகளின் குருதி எவற்றைப் பற்றுகிறது என்று பார்த்தார்கள். இருபத்திரண்டு துண்டுகள் தேறின. அவற்றைக் கொண்டு வேறு 128 பேரைச் சோதித்தபோது, நோயுள்ள 60 பேரில் 49 பேரும், நோயற்ற 68 பேரில் 60 பேரும் சரியாகப் பிரிந்தார்கள். பி.எஸ்.ஏ.வைவிட இது மேம்பட்டதே. எனினும் இந்தப் பரிசோதனை பொதுப் பயன்பாட்டிற்கு வரவில்லை. அதே ஆண்டில் அக்குழு வேறொரு பெரிய கண்டுபிடிப்பைச் செய்தது: புரோஸ்டேட் புற்றுகள் பலவற்றில் இரு மரபணுக்கள் உடைந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. அந்த ஒட்டு நலமான சுரப்பியில் காணப்படுவதில்லை. அதைச் சிறுநீரில் தேடும் பரிசோதனை பின்னர் உருவாயிற்று. குருதியில் தொடங்கிய தேடல் சிறுநீருக்குத் திரும்பியதைப் பென்ஸ் ஜோன்ஸ் கண்டிருந்தால் புன்னகைத்திருப்பார்.

இனி, முன்னறிதலால் உயிர் பிழைக்கிறதா என்ற கேள்வி. கண்டுபிடிப்பதும் காப்பாற்றுவதும் ஒன்றல்ல என்பதை இவ்வரலாற்றில்தான் நான் கற்றேன். 2009-இல் இரு பேராய்வுகள் ஒரே நாளில் வெளிவந்தன. 76,000-க்கு மேற்பட்ட ஆண்களைக் கொண்ட அமெரிக்க ஆய்வு, பி.எஸ்.ஏ. பரிசோதனையால் இறப்பு குறையவில்லை என்றது. ஏழு நாடுகளின் ஐரோப்பிய ஆய்வு, நூற்றுக்கு இருபது குறைந்தது என்றது. ஆனால் ஒருவரைக் காக்க 1,410 பேரைப் பரிசோதித்து, கூடுதலாக 48 பேருக்குச் சிகிச்சை அளிக்க வேண்டியிருந்தது. காலம் செல்லச் செல்ல இந்தக் கணக்குத் திருந்தியது. இருபத்துமூன்று ஆண்டுத் தொடர் ஆய்வின் முடிவு 2025-இல் வந்தபோது, 456 பேரை அழைத்து, கூடுதலாகப் பன்னிருவரிடம் நோயைக் கண்டறிந்தால் ஓர் இறப்பு தவிர்க்கப்படும் என்றாயிற்று. மற்றப் பதினொருவர்? அவர்களுள் பலருடைய புற்று ஆமை நடையில் செல்வது. அவர்கள் முதுமையுற்று வேறு நோயால் இறக்கும்வரை அது துன்பம் தராமலே இருந்திருக்கும். ஆனால் கண்டுபிடித்துவிட்டோமே! அறுவையோ கதிர்வீச்சோ செய்தால் சிறுநீரை அடக்க முடியாமை, இல்லற வாழ்வில் இழப்பு ஆகியவற்றைச் சிலர் சுமக்க நேர்கிறது. இதைக் கண்டு மனம் வெதும்பிய ரிச்சர்ட் ஏப்ளின், 2010-இல் ஒரு நாளிதழில், தாம் கண்டெடுத்த பொருள் இவ்வாறு பயன்படும் என்று கனவிலும் கருதவில்லை என்று வருந்தி எழுதினார். 2012-இல் அமெரிக்க அறிவுரைக் குழு இப்பரிசோதனையைப் பொதுவாகச் செய்ய வேண்டாம் என்றது. 2018-இல் அதைத் திருத்தி, 55 முதல் 69 வயதுள்ளவர்கள் மருத்துவரோடு பேசித் தாமே முடிவு செய்யட்டும் என்றது.

இதற்கிடையில் ஓர் ஆறுதலான செய்தி பிரிட்டனிலிருந்து வந்தது. சுரப்பிக்குள்ளேயே அடங்கிய புற்றுள்ள 1,643 ஆண்களை மூன்று பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு அறுவை, ஒன்றுக்குக் கதிர்வீச்சு, மற்றொன்றுக்குக் கவனமான கண்காணிப்பு மட்டும் என்று பதினைந்து ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். முடிவு 2023-இல் வெளியானது. எந்தப் பிரிவிலும் இந்நோயால் இறந்தவர் நூற்றுக்கு மூவர் அளவே. கண்டுபிடித்தவுடனே வெட்ட வேண்டும் என்பதில்லை, காத்திருந்து பார்க்கலாம். இளஞ்சிப்பியைக் கடலிலேயே விட்டுவைத்த நம் முன்னோர் இதை வியக்கமாட்டார்கள்.

தமிழ்நாட்டில் புற்றுநோயை முன்னறிய வேண்டும் என்று முதன்முதலில் உரக்கச் சொன்னவர்களுள் டாக்டர் முத்துலெட்சுமி ரெட்டி முதன்மையானவர். 1923-இல் தம் தங்கையை இந்நோய்க்குப் பறிகொடுத்த அவர், முப்பது ஆண்டு விடாமல் முயன்று 1954-இல் அடையாற்றில் புற்றுநோய் நிறுவனத்தைத் தொடங்கினார். அவருடைய மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், 1955-இல் வந்து சேர்ந்து 2021-இல் மறையும்வரை அங்கேயே வாழ்ந்த டாக்டர் சாந்தாவும் அதை வளர்த்தார்கள். அந்நிறுவனம் 1980-களின் தொடக்கத்தில் சென்னையில் புற்றுநோய்ப் பதிவேட்டைத் தொடங்கியது. யாருக்கு, எந்த வயதில், எந்த உறுப்பில் என்று வீடுவீடாகவும் மருத்துவமனை மருத்துவமனையாகவும் எழுதிவைக்கும் பணி அது. பார்களைச் சோதியாமல் சலாபம் அறிவிப்பதில்லை என்ற விதி இங்கே கடைப்பிடிக்கப்பட்டது எனலாம். சென்னையில் புரோஸ்டேட் புற்று ஏறிவருகிறது என்பதை அந்தப் பதிவேடே நமக்குச் சொல்கிறது.

முன்னறிதல் எப்போது பலிக்கும் என்பதற்கும் சான்று நம் அருகிலேயே உண்டு. திண்டுக்கல் மாவட்டத்தில் 2000-ஆம் ஆண்டு முதல், கருப்பைக் கழுத்துப் புற்றைக் கண்டறியச் செவிலியர்கள் நீர்த்த அசெட்டிக் அமிலத்தைத் தடவிப் பார்த்தார்கள். நம் வீட்டு வினிகரின் உறவுதான் அது. அமிலம் பட்டதும் மாறுபட்ட திசு வெளுக்கும். உடனே குளிரூட்டி அழித்துவிடலாம். சில ஊர்களில் இந்தச் சோதனை, மற்ற ஊர்களில் வழக்கமான மருத்துவம் எனச் சீட்டுக் குலுக்கிப் பிரித்து நடத்திய ஆய்வு அது. சோதனைக்கென வகுத்த பகுதிகளில் 49,311 பெண்கள் இருந்தார்கள். 2007-இல் வெளிவந்த முடிவின்படி, அப்பகுதிகளில் இந்நோயால் நேர்ந்த இறப்பு நூற்றுக்கு முப்பத்தைந்து குறைந்தது. லேசரும் இல்லை, கணினியும் இல்லை. ஆனால் கண்டதைக் கண்ட இடத்திலேயே தீர்க்கும் வழி இருந்தது. இந்திய அரசு 2016-இல் வகுத்த பொதுச் சோதனைத் திட்டத்தில் வாய், மார்பகம், கருப்பைக் கழுத்து ஆகிய மூன்றும் இடம்பெற்று, புரோஸ்டேட் இடம்பெறாததன் நியாயம் இப்போது எனக்கு விளங்குகிறது.

தீர்மானத்தைத் திருத்தும்படி அன்பியப் பொறுப்பாளர்களைக் கேட்டுக்கொண்டேன். கூட்டத்தில் சற்று மனத்தாங்கல் எழுந்தது. "இலவசமாகக் கிடைப்பதை ஏன் சாமி தடுக்கிறீர்கள்?" என்றார் ஒரு பெரியவர். ஊசி குத்துவது இலவசம், அதன்பின் வருவது இலவசம் அல்ல என்று சொல்லி, இருநூறு பேர் கணக்கைக் கரும்பலகையில் எழுதிக் காட்டினேன். இறுதியில், பெருந்திரளாகக் குருதி எடுக்கும் முகாமுக்கு மாற்றாக, ஒரு ஞாயிறு மாலை சிறுநீரக மருத்துவர் ஒருவரை அழைத்து ஆண்களோடு மட்டும் பேசவைத்தோம். இரவில் பலமுறை எழுவோர், சிறுநீரில் இரத்தம் காண்போர், விடாத இடுப்பு வலியுள்ளோர் கூச்சப்படாமல் வர வேண்டும் என்று அவர் சொன்னபோது, பின்வரிசையில் சிலர் தலை கவிழ்ந்ததைக் கண்டேன். கூட்டம் முடிந்து ஒன்பது பேர் அவரிடம் தனியே பேசக் காத்திருந்தார்கள்.

அவர்களுள் ஒருவர் அந்தச் சங்குக்குளிகாரரின் மகன். அவருடைய கேள்விக்கு என்னால் இயன்ற விடை, காப்பாற்றியிருக்கக்கூடும், உறுதி சொல்ல இயலாது என்பதே. மருத்துவரோ அவரிடம் வேறொன்று கேட்டார்: "உங்களுக்கு என்ன வயது?" நாற்பத்தாறு. தந்தைக்கு இந்நோய் வந்திருந்தால் மகனுக்கு வரும் வாய்ப்பு ஏறத்தாழ இரு மடங்கு. ஆகவே ஐம்பதுவரை காத்திராமல் இப்போதே ஒருமுறை அளந்து வைத்துக்கொள்வது நல்லது. அளவு கூடியிருந்தால் மீண்டும் ஒருமுறை அளந்து, தேவையானால் படம் எடுத்து, அதன்பிறகே ஊசியை நினைக்க வேண்டும் என்று விளக்கினார். ஒன்றையும் மறைக்கவில்லை, ஒன்றையும் பெரிதாக்கவும் இல்லை.

வாசலில் நின்று அவர் என்னிடம், "தனியா போகப் பயமா இருக்கு சாமி" என்றார். எனக்கும் ஐம்பத்தாறு வயது நடக்கிறது. இதுவரை ஒருமுறையும் அளந்ததில்லை. வருகிற வியாழக்கிழமை காலைப் பூசை முடிந்ததும் இருவரும் ஒன்றாகப் புறப்படுவதாக நாள் குறித்திருக்கிறோம்.